கட்டிங் அக்கா வீட்டுப் பத்து நிமிஷச் சமையல்

ஒரு குடும்பத்துக்குச் சமைத்துப் போடுவது பெரிய வேலையா, சின்ன வேலையா? அந்த வீட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு வாரத்துக்குள் இரண்டு பதில்கள் வந்தன. இரண்டையும் சொன்னது ஒரே வாய். கொஞ்சமும் கூசாமல் சொன்னது.

அவளுக்கு வீட்டில் அம்மா, அண்ணி, மருமகள் என்று ஆளுக்கொரு பெயர். வெளியே ஒரே பெயர்தான், கட்டிங் அக்கா. நர்ஸுகளுக்கும் காவலாளிகளுக்கும் சீருடை தைத்துக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. அங்கே ஒரு நீள மேஜை உண்டு. அதன் மேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, கைக்கு எந்த இடம், காலருக்கு எந்த இடம், பைக்கு எந்த இடம் என்று அட்டைகளை வைத்துப் பார்த்து, சாக்பீஸால் கோடு போடுகிறவர் கட்டிங் மாஸ்டர். அந்தக் கோட்டின் மேலேயே மெஷினை ஓட்டி வெட்டுகிறவள் அக்கா. கல்யாணமான மறுவருஷம் சேர்ந்தவள், மகள் கல்லூரிக்குப் போகிற வயது வந்த பிறகும் அடுத்தவர் போட்ட கோட்டைத்தான் வெட்டிக்கொண்டிருந்தாள். இந்த அட்டையைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் இவ்வளவு துணி வீணாகாதே என்று அவளுக்குக் கை பரபரக்கும். ஒருமுறை சொல்லியும் பார்த்தாள். மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். விடிவதற்கு முன்பே டிப்போவுக்குப் போய்விடுவார். மத்தியானம் கழிந்து வெயில் தாழ்வதற்குள் வீடு திரும்பிவிடுவார். மகள் லேப் டெக்னீஷியன் படிப்பு. மாமனாருக்கு வாயில் பல் இல்லை; பல்செட் வாங்கிக் கொடுத்தும் அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு வைத்து அழகு பார்க்கிறாரே தவிர, போட்டுக்கொள்ள மாட்டார். இவர்களுக்குத்தான் சமையல். எளிய சமையல்தான், விருந்தொன்றும் இல்லை. ஆனால் எளிய சமையல் என்று எழுதுகிறவர்கள் யாரும் இப்படிப்பட்ட மூன்று பேருக்குச் சமைத்திருக்க மாட்டார்கள். டிரைவருக்குக் கொடுத்து விடுவதை அவர் சீட்டில் உட்கார்ந்தபடியே, பஸ் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள், ஒரு கையால் கரண்டியில் அள்ளிச் சாப்பிட முடிய வேண்டும். பிசைவது, உரிப்பது, எலும்பு பொறுக்குவது எதுவும் கூடாது. மகளின் டப்பாவைத் திறந்தால் பக்கத்துப் பெண் மூக்கைப் பொத்தக் கூடாது. எனவே முட்டை இல்லை, முட்டைகோஸ் இல்லை. மாமனாருக்கு உப்பு கம்மி, காரம் கிடையாது, ஈறால் மசிக்கிற பதம். அதற்காகத் தண்ணீராகவும் இருக்கக் கூடாது, ‘நான் என்ன நோயாளியா?’ என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

ஆகவே ஒரே பருப்பு மூன்று பாத்திரத்துக்குப் பிரியும். முதலில் உப்பைக் குறைத்துப் போட்டு மாமனாருக்கு எடுத்து வைத்து, பிறகு மகளுக்கு, கடைசியில் வெங்காயமும் மிளகும் தாளித்து டிரைவருக்கு. காய் நறுக்குவது முதல் நாள் சாயங்காலமே முடிந்துவிடும். அடுப்பில் ஒன்று கொதிக்கும்போது இன்னொன்றைக் கழுவி, கழுவும்போதே டப்பா மூடிகளைத் தேடி, மகளின் டப்பாவில் ரப்பர் வளையம் நழுவியிருக்கிறதா என்று பார்த்து, ஓடிப்போய் அவளும் பஸ் பிடிப்பாள். சாயங்காலம் வந்ததும் மறுபடி அடுப்பு. இதையெல்லாம் யாரும் வேலை என்று சொன்னது கிடையாது. காலையில் சூரியன் வருகிற மாதிரி டப்பாவும் வருகிறது என்றுதான் அந்த வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“மாஸ்டர் இந்த மாசத்தோட நின்னுக்குறார். வெளியிலேருந்து ஆள் பாக்கலாம்னு நெனச்சேன். அப்புறம், நம்மகிட்டயே ஆள் இருக்கும்போது எதுக்குன்னு தோணுச்சு. நீ மாஸ்டரா இருக்கியா?”

அவள் இருக்கிறேன் என்று உடனே சொல்லியிருப்பாள். அதற்குள் முதலாளியம்மா தொடர்ந்தார்.

“ஆனா ஒண்ணு. சாயங்காலம் எல்லாரும் போனதுக்கப்புறம் நின்னு, மறுநாளைக்குத் துணி விரிச்சு கோடு போட்டுட்டுத்தான் போக முடியும். இருட்டிடும். வீட்ல கேட்டுட்டு வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு.”

வீட்டில் கேட்டுவிட்டு. மாஸ்டரைச் சேர்க்கும்போது யாராவது அவரிடம் ‘வீட்டில் கேட்டுவிட்டு வாரும்’ என்று சொல்லியிருப்பார்களா? அவளுக்கு அது உறைத்தது. ஆனாலும் சந்தோஷத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சம்பளம் கொஞ்சம் கூடும்தான். ஆனால் அவள் கண்ணில் நின்றது அந்தச் சாக்பீஸ். இனிமேல் கோடு அவள் போடுவாள், இன்னொருத்தர் வெட்டுவார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள். டிரைவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

“நல்ல விஷயம்தான். ஆனா ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன பண்றது?”

“நீங்கதான் வெயில் சாயறதுக்குள்ள வந்துடுறீங்களே. ராத்திரிக்கு மட்டும் நீங்க பாத்துக்கிட்டா...”

“நானா? என்ன பேசுற நீ. ஒரு குடும்பத்துக்கே சமைக்கிறதுன்னா சும்மாவா? பதம் பாக்கணும், பக்குவம் தெரியணும். அதுக்குன்னு ஒரு கை வேணும். உன் கைப்பக்குவம் யாருக்கு வரும், சொல்லு?”

“அதானே,” என்றார் மாமனார். “உன் கையால சாப்பிட்ட நாக்கும்மா இது. வேற யார் சமைச்சாலும் எறங்காது.”

மகள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “எனக்கு எக்ஸாம் வருதும்மா,” என்றாள்.

பாருங்கள் இந்த அநியாயத்தை. இருபது வருஷமாக ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒரு வார்த்தை வராத வாய்களிலிருந்து அன்று பாராட்டு கொட்டுகிறது. உப்பு கூடினால் மட்டும் பேசத் தெரிந்த மனுஷன், கைப்பக்குவம் என்கிறார். அது பாராட்டு இல்லை, பூட்டு. அவளுக்கும் அது புரியாமல் இல்லை. ஆனால் புகழ்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? முகத்தில் அடித்தாற்போல் பேசினால், ‘நல்லதுதானே சொன்னோம்’ என்பார்கள். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பாத்திரம் தேய்க்கும்போது வழக்கத்தைவிடச் சத்தம் அதிகமாகக் கேட்டது. அதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். டிரைவரின் தங்கை, வீட்டில் எல்லோருக்கும் பாப்பா. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே போனில் சமையல் வீடியோ போடுகிறவள். ‘பிஸியான குடும்பத்துக்குப் பத்து நிமிஷச் சமையல்.’ அவள் வீட்டுச் சமையலறையில் வெளிச்சம் போதாது, இங்கே ஜன்னல் பெரிது என்று மாதத்தில் இரண்டு ஞாயிறு இங்கேதான் ஷூட்டிங். கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. வந்ததும் அண்ணியைக் கட்டிக்கொள்வாள், பழம் வாங்கி வருவாள், ‘அண்ணி இல்லேன்னா என் வீடியோவே இல்ல’ என்பாள். இதை ஒரு தடவை வீடியோவிலும் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.

முதல் நாளே போன் வந்துவிட்டது. “அண்ணி, கொஞ்சம் கொண்டைக்கடலை மட்டும் ஊறப்போட்டு வேகவச்சு வச்சிடுங்களேன். சாதமும் வடிச்சு ஆறவச்சிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம், நான் வந்து பாத்துக்குறேன்.”

வேறு ஒன்றும் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியும். வெங்காயம் உரித்து நறுக்கி, கேரட்டைச் சீவி, தக்காளியைக் கொதிநீரில் போட்டுத் தோல் எடுத்து, பூண்டு நசுக்கி, எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் போட்டு வரிசையாக வைத்தாள். அடுப்பு மேடையைத் துடைத்து, தோலையும் குப்பையையும் வாளியோடு தூக்கிப் பின்பக்கம் வைத்தாள். பாப்பா வந்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, விளக்கை மாட்டி, போன் ஸ்டாண்டை நிறுத்தி, சிரித்தாள். வெங்காயத்தைக் கொட்டினாள், வதக்கினாள், பேச்சு சுவாரசியத்தில் கருக விட்டாள். வாணலியை அக்கா தேய்த்துக் கொடுத்தாள், இன்னொரு வெங்காயம் நறுக்கினாள். இரண்டாவது தடவை தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. மறுபடி வாணலி, மறுபடி வெங்காயம். மூன்றாவது தடவை எல்லாம் சரியாக வந்தது. கடலையைப் போட வேண்டிய நேரத்தில் கிண்ணம் எட்டாத இடத்தில் இருந்ததால், அக்கா கேமராவுக்கு வெளியே நின்றபடி கையை நீட்டி அதை நகர்த்திக் கொடுத்தாள்.

“பாத்தீங்களா, பத்தே நிமிஷம்,” என்றாள் பாப்பா போனைப் பார்த்து. “இதுக்குப் போய் நாள் முழுக்க அடுப்படியில நிக்கிறாங்க. கொஞ்சம் புத்திசாலித்தனமா பண்ணா போதும்.”

பிறகு, “எங்க வீட்டுக்கும் ஒரு டப்பா எடுத்துக்குறேன் அண்ணி,” என்று சமைத்ததில் பாதியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தொட்டி நிறையப் பாத்திரம் கிடந்தது. அக்காவின் ஞாயிற்றுக்கிழமை அதோடு முடிந்தது.

புதன்கிழமை சாயங்காலம் வீடியோ வந்தது. டிரைவர் போனை மேஜையில் நிமிர்த்தி வைத்து, அப்பாவையும் மகளையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். அக்கா அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல், அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். மாமனார் தொடையைத் தட்டி ரசித்தார். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று டிரைவர் படித்துக் காட்டினார். தங்கச்சியின் பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“இந்தா, இங்க வந்து பாரு,” என்றார் மனைவியிடம். “பத்து நிமிஷம். எண்ணிப் பத்து நிமிஷம். நீ என்னடான்னா விடியறதுக்கு முன்னாடி எழுந்து உருட்டுற, சாயங்காலமும் வந்து உருட்டுற. இதெல்லாம் ஒரு வேலையா? பிளான் பண்ணிப் பண்ணணும். பாப்பாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்க.”

அவள் ஈரக்கையோடு வந்து நின்று பார்த்தாள். திரையில் பளபளவென்று அவளுடைய அடுப்பு, அவளுடைய வாணலி, அவள் நறுக்கிய வெங்காயம். அப்போது ஓரத்திலிருந்து ஒரு கை வந்து கடலைக் கிண்ணத்தை நகர்த்திவிட்டு மறைந்தது. என்றோ மெஷினில் பட்டு நகம் கோணலாக வளர்ந்த விரலோடு வந்த கை.

டிரைவர் நெற்றியைச் சுருக்கினார். “இது யார் கை குறுக்க வருது? பாப்பா கவனிக்காம விட்டுட்டா போலிருக்கு.”

மகள்தான் மெதுவாக, “அம்மாவோட கைப்பா,” என்றாள்.

“ஓ,” என்றார் டிரைவர். அவ்வளவுதான். வீடியோவைப் பின்னால் தள்ளி, பாப்பா சிரிக்கிற இடத்தை மறுபடி போட்டார்.

நாலைந்து நாளைக்கு முன் யாருக்கும் வராத கைப்பக்குவம் என்று புகழ்ந்தாரே, அந்தக் கை. கட்டின மனைவியின் கை. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு முதலில் அழுகைதான் வந்தது. அது தொண்டைக்கு வருவதற்குள் கோபம் முந்திக்கொண்டது. நல்லவேளை, முந்திக்கொண்டது.

“என்னங்க,” என்றாள். “அந்தப் போனை அணைங்க.”

குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் அணைத்தார்.

“ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி மாஸ்டர் வேலை வந்திருக்குன்னு சொன்னேன். அன்னைக்கு என்ன சொன்னீங்க? குடும்பத்துக்குச் சமைக்கிறது சும்மாவா, அதுக்குன்னு ஒரு கை வேணும்னீங்க. இன்னைக்கு இதெல்லாம் ஒரு வேலையாங்குறீங்க. ரெண்டுல எது நிஜம்?”

“அது வேற, இது வேற. நீ எதையோ எதோடயோ முடிச்சுப் போடுற.”

“நான் முடிச்சுப் போடல. ரெண்டையும் சொன்னது நீங்க. பெரிய வேலைன்னா இத்தனை வருஷமா ஒத்தை ஆளா செஞ்சுக்கிட்டிருக்கேன், கூடமாட யாரும் வரல. சின்ன வேலைன்னா அதை யார் வேணும்னாலும் செய்யலாம், நீங்களும் செய்யலாம். எதுன்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு ரெண்டும் சம்மதம்.”

டிரைவர் அப்பாவைப் பார்த்தார். மாமனார் டம்ளரில் கிடந்த பல்செட்டைப் பார்த்தார். அரிசி களைந்த தண்ணீர் அவள் விரல்நுனியிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“பத்து நிமிஷ வேலைதான்,” என்றார் கடைசியில், வீம்பாக. “அதுக்கு என்ன இப்ப. நானே பண்ணிக்கிறேன் போ. பெரிய இது.”

“சரி,” என்றாள் அவள். மறுநாள் காலையில் முதலாளியம்மாவிடம் ஒப்புக்கொண்டாள்.

அடுத்த மாதம் முதல் தேதி, எல்லோரும் போன பிறகு, அந்த நீள மேஜையின் முன்னால் அவள் தனியாக நின்றாள். நீலத் துணி முழங்கை உயரத்துக்கு அடுக்கியிருந்தது. அட்டைகளை வைத்தாள், எடுத்தாள், திருப்பினாள். இரண்டு சட்டைக் கைகளை எதிரெதிராகப் படுக்க வைத்தபோது நடுவில் காலர் துண்டு கச்சிதமாக உட்கார்ந்தது. இத்தனை வருஷமாக மனசில் வெட்டிப் பார்த்த வெட்டு. சாக்பீஸைக் கையில் எடுக்கிற சமயத்தில் போன் அடித்தது.

“இந்தக் கடலை ஏன் வேகவே மாட்டேங்குது?” என்றார் டிரைவர். “வாணலியில போட்டு எவ்ளோ நேரமா வதக்குறேன், கல்லு மாதிரி துள்ளுது. அப்பா ஒண்ணை வாயில போட்டுட்டு, போட்ட வேகத்துல துப்பிட்டார்.”

“ஊறப்போட்டீங்களா?”

“ஊறப்போடணுமா? பாப்பா வீடியோல அப்படி ஒண்ணும் வரலையே. கடலையைச் சேர்த்துக்குங்கன்னுதான் சொன்னா, சேர்த்தேன்.”

“அப்ப பாப்பாவையே கேளுங்க,” என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

கேட்டிருக்கிறார். மகள் பிறகு சொன்னாள். பாப்பா போனில், “அது எவ்ளோ நேரம் ஊறணும்னு எனக்குத் தெரியாதுண்ணா, அதெல்லாம் அண்ணி பண்ணி வச்சிடுவாங்க,” என்றாளாம். டிரைவர் உடனே போனை வைத்துவிட்டாராம். தங்கச்சியைக் கேட்க வேண்டிய நாலு வார்த்தையை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். அதற்குப் பதிலாக அத்தனை கோபத்தையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, மனைவி வருகிற வழியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அவள் வீட்டுக்குள் நுழையும்போது இருட்டிவிட்டது. கருகல் வாடை தெருவரைக்கும் வந்தது. அடுப்பு மேடையெல்லாம் எண்ணெய். மூலைக்கு மூலை கடலை உருண்டு கிடந்தது. கடையில் ரொட்டியும் பாலும் வாங்கி வந்து மூன்று பேரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். தட்டுகள் தொட்டியில் கிடந்தன. ரொட்டி சுற்றி வந்த காகிதம் மேஜையில் மடங்கிக் கிடந்தது.

“வந்துட்டியா,” என்றார் டிரைவர். “பாரு, எங்க நெலமையை. வயசான மனுஷன் பால்ல ரொட்டி நனைச்சுச் சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கார். இது சரிப்பட்டு வராது. நாளைக்கே போய் முடியலைன்னு சொல்லிடு. நான் அப்பவே சொன்னேன்ல.”

அவள் பையை இறக்கி வைத்தாள். அடுப்படிப் பக்கம் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

“எனக்கு என்ன வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

மூன்று பேரும் ரொட்டிக் காகிதத்தைப் பார்த்தார்கள். அதற்குள் ஒன்றும் இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

“நீ அங்கயே ஏதாவது சாப்பிட்டிருப்பன்னு...” என்று டிரைவர் ஆரம்பித்தார்.

“சாப்பிடல.”

“சரி, ஒரு முட்டையை வேணா நீ...”

“நான் காலையிலேருந்து நின்னுட்டு வந்திருக்கேன். பசிக்குது. நாளைக்கும் இதே நேரத்துக்குத்தான் வருவேன், நாளைன்னைக்கும் இதே நேரத்துக்குத்தான் வருவேன். வரும்போது பசியோடதான் வருவேன். முடியலைன்னு நான் எங்கயும் போய்ச் சொல்லப்போறதில்ல.”

மகளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. டிரைவர், அவள் எழுந்துவிடுவாள் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது, எப்போதும் எழுந்துவிடுகிறவள்தானே. அவள் மேஜையில் கையை ஊன்றி அப்படியே இருந்தாள். கடைசியில் அவர் அடுப்படிக்குள் போனார். அலமாரி திறக்கிற சத்தம் கேட்டது, மூடுகிற சத்தம் கேட்டது. ஒரு டப்பா கீழே விழுந்தது.

“அரிசி எதுல இருக்கு?” என்றார் உள்ளேயிருந்து.

இருபது வருஷம் அந்த அரிசியைத் தின்ற மனுஷன் கேட்கிறார். “கீழ்த்தட்டுல, எடது பக்கம்,” என்று அவள் சொன்னாள். எவ்வளவு தண்ணீர் என்று அடுத்ததாகக் கேட்டார், அதையும் சொன்னாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். சோறு வெந்து தட்டில் வந்து சேர்கிற வரைக்கும், அது குழைந்து போய்த்தான் வந்தது, அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.